முடியும் முக்கியம், தண்ணியும் முக்கியம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



வழக்கமா நான் வந்தா சேமிப்பு, உட்கடன், வங்கி இணைப்பு, தணிக்கை என்றுதான் பேசுவேன். இன்னைக்கு முடியைப் பத்திப் பேசப் போறேன். "என்ன மேடம், அழகு நிலையம் வைக்கப் போறீங்களா?" என்று ஒரு அக்கா இப்பவே சிரிக்கிறாங்க. சிரிங்க, பரவாயில்லை. ஆனா கடைசி வரைக்கும் கேளுங்க. இதுல நம்ம பெண் பிள்ளைங்களோட உயிரும் இருக்கு, ஊரோட குடிதண்ணியும் இருக்கு.

போன ரெண்டு மாசத்துல ரெண்டு ஊர்ல ரெண்டு விஷயம் நடந்தது.

முதல் ஊர்ல ஒரு உறுப்பினரோட மகள், எட்டாம் வகுப்பு படிக்கிற பொண்ணு. கோடை விடுமுறைக்கு சென்னையில இருக்கிற சித்தி வீட்டுக்குப் போனா. அங்க நீச்சல் குளத்துல பயிற்சி வகுப்பு இருந்தது. பொண்ணுக்கு ரொம்ப ஆசை. அம்மா வேண்டாம்னுட்டாங்க. காரணம் கேட்டேன். "அந்தத் தண்ணியில மருந்து கலக்குறாங்களாம் மேடம். முடியெல்லாம் செம்பட்டையாகி உதிர்ந்துடுமாம். நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க முடியைத்தானே முதல்ல பாப்பாங்க" என்றாங்க.

ரெண்டாவது ஊர்ல மேல்நிலைத் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போடவேண்டாம்னு நம்ம குழுப் பெண்களே போய் ஆபரேட்டர்கிட்ட சொல்லியிருக்காங்க. "நாத்தம் அடிக்குது, முடி கொட்டுது" என்று. அவரும் நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டார். மழை வந்தது. குழாய் போற வழியில சாக்கடை தேங்கினது. பத்து நாள்ல அந்தத் தெருவுல வரிசையா வாந்தி, பேதி. ஒரு கைக்குழந்தையை ராத்திரியோட ராத்திரியா தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. பிள்ளை பிழைச்சிடுச்சு. ஆனா அன்னைக்கு அந்த அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான், இதைப் பத்தி உங்ககிட்ட பேசியே ஆகணும்னு முடிவு செஞ்சேன்.

ரெண்டு ஊர்லயும் பயம் ஒண்ணுதான், குளோரின். அதனால அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிஞ்சுக்குவோம்.

குளோரின் எதுக்கு?

தண்ணியில கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு. காலரா, டைபாய்டு, வயித்துப்போக்கு எல்லாம் அதனாலதான் வருது. குளோரின் அந்தக் கிருமியைக் கொல்லும். பிளீச்சிங் பவுடர்ல இருக்கிறதும் அதுதான்.

இது நேத்து வந்த விஷயம் இல்லை. 1847-ல வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில செம்மல்வைஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் இருந்த வார்டுல குழந்தை பெத்த தாய்மாருங்க காய்ச்சல் வந்து செத்துக்கிட்டே இருந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் நூத்துக்குப் பத்துப் பேருக்கு மேல. பிணத்தை அறுத்துப் படிச்ச கையோடவே டாக்டருங்க பிரசவம் பார்க்க வர்றாங்க, அதுதான் காரணம்னு அவர் கண்டுபிடிச்சார். குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணியில கையைக் கழுவிட்டுத்தான் உள்ளே வரணும்னு சட்டம் போட்டார். அடுத்த வருஷமே சாவு நூத்துக்கு ரெண்டுக்கும் கீழே இறங்கிடுச்சு. நம்மைப் போல தாய்மாருங்க உயிரைக் காப்பாத்தின மருந்து இது. அதை மறந்துடாதீங்க.

சரி, முடிக்குக் கெடுதலா, இல்லையா?

உண்மையைச் சொல்றேன். நீச்சல் குளத்துத் தண்ணி முடிக்குக் கெடுதல்தான். அந்த அம்மா சொன்னது முழுப் பொய் இல்லை.

நம்மள்ல பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பக்கத்துல இருந்து வந்தவங்க இருக்கீங்க. தறி வீட்டுக்காரங்களுக்கு இது நல்லாப் புரியும். நூலை வெளுக்கும்போது அளவோட விட்டா வெள்ளையாகும். மருந்து அதிகமாயிட்டா, நேரம் அதிகமாயிட்டா என்ன ஆகும்? நூல் நைஞ்சுபோகும், தறியில ஏத்தினா அறுந்துக்கிட்டே இருக்கும். முடியும் ஒரு நூல் மாதிரிதான். அதோட மேல்பக்கம் ஓட்டு வீட்டுக் கூரை போல செதில் செதிலா அடுக்கியிருக்கு. உள்ளே புரதம், கறுப்பு நிறம் தர்ற சாயம். குளோரின் அந்த ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாப் பேர்க்கும். முடியில இருக்கிற எண்ணெய்ப் பசையை எடுத்துடும். அப்புறம் உள்ளே போய் சாயத்தை வெளுக்கும். அதனாலதான் முடி வைக்கோல் மாதிரி சொரசொரப்பாகுது, செம்பட்டையாகுது, நுனி பிளக்குது, சீப்பு போட்டா ஒடியுது.

ஜப்பான்ல 2000-ஆம் வருஷம் ஒரு ஆய்வு வெளிவந்தது. அவங்களுக்கும் நம்மைப் போல கறுப்பு முடிதான். போட்டிக்காகத் தினமும் நீந்துறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல முடி நிறம் மாறியிருந்தது. நீந்தாதவங்களுக்கு அப்படி இல்லை.

சிலர் முடி பச்சையாகும்னு சொல்வாங்க. அது குளோரினால இல்லை. பாசி பிடிக்காம இருக்க சில குளத்துல மயில்துத்தம் போல செம்பு கலந்த மருந்து போடுவாங்க. அந்தச் செம்பு முடியில படியறதுதான் பச்சை. வெள்ளைக்காரங்களோட வெளுத்த முடியில பளிச்சுனு தெரியும், நம்ம கறுப்பு முடியில தெரியறது அபூர்வம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். குளோரின் முடியோட தண்டைத்தான் கெடுக்கும். வேரைத் தொடாது. இதை உங்களுக்கு நான் விளக்கணுமா? திருத்தணியில இருக்கிறோம். மலை மேல தினமும் எத்தனை பேர் மொட்டை போடுறாங்க! மொத்த முடியையும் வழிச்சு முருகனுக்குக் கொடுத்துட்டு வர்றாங்க. அடுத்த மாசமே ஒரு சென்டிமீட்டர் போல வளர்ந்து நிக்குது. வேர் நல்லா இருந்தா முடி வரும். நுனி வெளுத்துப் போனா ரெண்டு விரல் வெட்டி விட்டாப் போச்சு. அதுக்காக ஒரு பொண்ணு காலம் பூரா நீச்சல் தெரியாம இருக்கணுமா?

என் கதையைச் சொல்றேன்

நான் சமூகப்பணி படிச்சப்போ ஹாஸ்டல் தோழிங்க நாலு பேர் நீச்சல் வகுப்புக்குச் சேர்ந்தோம். மூணு வாரம் போனேன். யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லித் தரலை. காய்ஞ்ச முடியோட குதிச்சேன், ஈர முடியை அப்படியே பின்னிக்கிட்டு வகுப்புக்குப் போனேன். லீவுல ஊருக்கு வந்தப்போ எங்கம்மா முடியைத் தொட்டுப் பார்த்துட்டு, "இனிமே அந்தப் பக்கம் போகாதே" என்றாங்க. நானும் நிறுத்திட்டேன். தோழிங்க மூணு பேரும் கத்துக்கிட்டாங்க.

போன வருஷம் மழைக்கு ஒரு ஊர்ல குழுக் கூட்டம் முடிச்சிட்டு ஏரிக்கரை மேல வர்றேன். ஆறு வயசுப் பையன் ஒருத்தன் மதகுகிட்ட வழுக்கித் தண்ணியில விழுந்துட்டான். நான் கரையில நின்னு கத்தினேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது. ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு பாட்டி, தான் போர்த்தியிருந்த பழைய புடவையை வீசி, "புடிச்சுக்கோடா" என்று இழுத்துப் போட்டாங்க. பையன் பிழைச்சான். எனக்கு ரெண்டு நாள் தூக்கம் இல்லை. மூணு வாரத்துல கெட்டுப் போன அந்த முடியை நான் எப்பவோ வெட்டிட்டேன். கத்துக்காம விட்ட நீச்சல் மட்டும் இன்னும் எனக்கு வரலை.

நம்ம பக்கம் ஏரி இருக்கு, கிணறு இருக்கு, நந்தி ஆறு, கொசஸ்தலை ஆறு இருக்கு, கல்குவாரிப் பள்ளம் இருக்கு. மழை வந்தா எல்லாம் நிரம்பும். அதனால பிள்ளைக்கு வாய்ப்புக் கிடைச்சா தடுக்காதீங்க. 1959-லேயே ஆரத்தி சாஹா என்கிற நம்ம நாட்டுப் பொண்ணு இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தாங்க. ஆசியாவிலேயே அதைச் செஞ்ச முதல் பெண் அவங்கதான்.

முடியைக் காப்பாத்த என்ன செய்யணும்?

பெரிய செலவு ஒண்ணும் இல்லை. நோட்டுல எழுதிக்குங்க.

ஒண்ணு. குளத்துல இறங்கறதுக்கு முன்னாடி நல்ல தண்ணியில தலையை முழுசா நனைக்கணும். காய்ஞ்ச முடி பஞ்சு மாதிரி, முதல்ல கிடைக்கிற தண்ணியைக் குடிச்சுக்கும். நல்ல தண்ணியைக் குடிச்சு நிறைஞ்சிட்டா குளத்துத் தண்ணிக்கு உள்ளே இடம் குறைவு.

ரெண்டு. நனைச்ச முடியில நாலஞ்சு சொட்டுத் தேங்காய் எண்ணெயை நுனிப் பக்கமாத் தடவணும். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளே போய் புரதம் கரையாமப் பாதுகாக்குதுன்னு 2003-ல மும்பையில செஞ்ச ஒரு ஆய்வு சொல்லுது. அது எண்ணெய் விக்கிற ஒரு கம்பெனியோட ஆய்வு, அதையும் சொல்லிடறேன். ஆனா நம்ம பாட்டிமாருங்க அனுபவமும் அதைத்தானே சொல்லுது! வழிய வழிய வைக்காதீங்க. எண்ணெய் குளத்துல மிதந்தா தண்ணி கெடும், காவலர் வெளியே அனுப்பிடுவார்.

மூணு. முடியை இறுக்கமாப் பின்னிக் கொண்டை போட்டு, அதுக்கு மேல நீச்சல் தொப்பி போடணும். தொப்பி போட்டா தண்ணி உள்ளேயே போகாதுன்னு இல்லை. ஆனா முடி சிக்காது, உரசாது, தண்ணி படறதும் குறையும்.

நாலு. வெளியே வந்த உடனே, முடி காயறதுக்கு முன்னாடி, நல்ல தண்ணியில அலசணும். அன்னைக்கே சீயக்காயோ மென்மையான ஷாம்புவோ போட்டுக் குளிக்கணும். நான் செஞ்ச மாதிரி அப்படியே பின்னிக்கிட்டு வரக்கூடாது.

அஞ்சு. ஈர முடியில சின்னப் பல் சீப்பு போடாதீங்க. துண்டால அடிச்சுத் துவட்டாதீங்க. ஒத்தி எடுத்து, விரலால சிக்கு எடுத்து, பெரிய பல் சீப்பால நுனியில இருந்து மேலே வாங்க.

ஆறு. முடிக்குச் சாயம் போட்டிருந்தாலோ, சுருட்டை எடுத்து நேராக்கியிருந்தாலோ அது ஏற்கெனவே ஓடு பேர்ந்த முடி. அவங்க கூடுதல் ஜாக்கிரதையா இருக்கணும்.

இன்னொரு விஷயம். குளத்துல மூக்கைத் துளைக்கிற மாதிரி நாத்தம் வந்தா "நல்லா மருந்து போட்டிருக்காங்க" என்று நினைக்காதீங்க. வேர்வையும் சிறுநீரும் குளோரினோட சேர்ந்தாத்தான் அந்த நாத்தம், கண் எரிச்சல். அதனால பிள்ளைங்களைக் குளிச்சிட்டு, கழிவறைக்குப் போயிட்டு இறங்கச் சொல்லுங்க.

இப்ப நம்ம ஊர்த் தொட்டிக்கு வருவோம்

நீச்சல் குளத்துல முடி கெடும்னா குழாய்த் தண்ணியிலயும் கெடும்தானே என்று கேட்பீங்க. கணக்குப் பார்ப்போம். நமக்குக் கணக்கு நோட்டு புதுசா என்ன?

நீச்சல் குளத்துல ஒரு லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருக்கும். குடிதண்ணிக் குழாய்ல கடைசி வீட்டுக்கு வரும்போது குறைஞ்சது 0.2 மில்லிகிராம் இருக்கணும்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அப்படின்னா குளத்துல இருக்கிறது அதைப் போல அஞ்சு மடங்குல இருந்து பதினஞ்சு மடங்கு. அதோட குளத்துல ஒரு மணி நேரம் ஊறுறோம். வீட்டுல ரெண்டு பக்கெட்டு ஊத்திக்கிட்டு வந்துடறோம். அளவாப் போட்ட குழாய்த் தண்ணி முடியைக் கொட்ட வைக்காது.

ஆனா "அளவா" என்கிறதுதான் இங்க பிரச்சினை. தரமான பவுடர்ல மூணுல ஒரு பங்குதான் குளோரின். 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்குல போட்டா லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் வரும். தொட்டியிலயும் குழாய்லயும் கிருமியோட சண்டை போட்டு மிச்சம் இருக்கிறதுதான் வீட்டுக்கு வரும். அந்தக் கணக்குல 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பக்கெட்டுல கரைச்சு, சுண்ணாம்பு கீழே படிஞ்ச பிறகு தெளிவை மட்டும் தொட்டியில ஊத்தணும். அரை மணி நேரம் கழிச்சுத்தான் திறந்து விடணும். அப்படியே கையால அள்ளி வீசினா என்ன ஆகும்? கட்டி அடியில தங்கும், முதல் தெருவுக்கு மூக்கைப் பிடிக்கிற நாத்தம், கடைசித் தெருவுக்கு வெறும் தண்ணி. நம்ம பெண்கள் சண்டை போட்டது பவுடரோட இல்லை, போட்ட விதத்தோடதான். "போடாதே" என்று சொன்னதுக்குப் பதிலா "அளந்து போடு, கரைச்சுப் போடு" என்று சொல்லியிருக்கணும்.

அளவு சரியான்னு எப்படித் தெரியும்? ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பெண்களுக்குத் தண்ணி பரிசோதனைப் பயிற்சி தரணும்னு விதி இருக்கு. சோதனைப் பெட்டியில தண்ணியைப் பிடிச்சு மருந்துச் சொட்டு விட்டா நிறம் மாறும். அதை அட்டையோட ஒப்பிட்டா அளவு தெரியும். நிறமே மாறலைன்னா குளோரின் இல்லைன்னு அர்த்தம். உங்க ஊர்ல அந்த அஞ்சு பேர் யாருன்னு கேளுங்க. யாரும் இல்லைன்னா நம்ம குழுவுல இருந்து பேர் கொடுங்க.

அப்பவும் நாத்தம் பிடிக்கலைன்னா, தலைக்கு ஊத்தற தண்ணியை முதல் நாள் ராத்திரியே பிடிச்சு மெல்லிய துணியால மூடி வையுங்க. காலையில பெருமளவு போயிடும். இது குளிக்கிற தண்ணிக்கு மட்டும். குடிக்கிற தண்ணியில குளோரின் இருக்கிறதுதான் காவல்.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டுல பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவுற ஆசிட்டையும் எக்காரணம் கொண்டும் ஒண்ணா ஊத்தாதீங்க. விஷவாயு வரும். மூடின கழிவறையில அது உயிருக்கே ஆபத்து.

அப்போ முடி ஏன் கொட்டுது?

கொட்டின முடியை எடுத்து வெளிச்சத்துல பாருங்க. ஒரு நுனியில வெள்ளையாச் சின்ன முண்டு இருந்தா அது வேரோட வந்தது. முண்டு இல்லைன்னா நடுவுல ஒடிஞ்சது. ஒடியறதுக்குக் காரணம் வெளியே இருக்கு: குளோரின், உப்புத் தண்ணி, இழுத்து வாரறது, சாயம். வேரோட வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் உடம்புக்குள்ளே இருக்கு. ஒரு நாளைக்கு ஐம்பதுல இருந்து நூறு முடி விழறது சாதாரணம்தான். பிரசவம் ஆகி மூணு மாசம் போல ஆனப்போ, டைபாய்டு, டெங்கு போல பெரிய காய்ச்சல் வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு, கொத்துக் கொத்தா வரும். அது தானா சரியாகும்.

பவுடர் வேண்டாம்னு முன்னால நின்னு சண்டை போட்ட அக்காவை நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அவங்க முடியில வெள்ளை முண்டு இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தா ஹீமோகுளோபின் 7.8. நமக்கு 12 இருக்கணும். மாடி ஏறினா மூச்சு வாங்குது, எப்பவும் அசதின்னு அவங்க வருஷக்கணக்காச் சொல்லிக்கிட்டிருந்தாங்க, யாரும் காதுல வாங்கலை. பழி தொட்டித் தண்ணி மேல விழுந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. இந்தக் கூடத்துல உக்காந்திருக்கிற நம்மள்ல ரெண்டுல ஒருத்தர்னு வெச்சுக்குங்க. சுகாதார நிலையத்துல பரிசோதனையும் இலவசம், இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். முருங்கைக்கீரை, எள்ளு, பயறு சாப்பிடுங்க. எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்குங்க. சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, அது சத்தை உடம்புல சேர விடாது. தைராய்டு கோளாறு இருந்தாலும் முடி கொட்டும், டாக்டர் சொன்னா அதையும் பார்த்துடுங்க.

நாம செய்ய வேண்டியது

அடுத்த குழுக் கூட்டத்துல மூணு தீர்மானம் எழுதுங்க.

முதலாவது, உறுப்பினர் அத்தனை பேரும் ஒரு மாசத்துக்குள்ளே ரத்தப் பரிசோதனை செஞ்சு, அளவைக் குழு நோட்டுல குறிக்கணும்.

ரெண்டாவது, வாரம் ஒரு தடவை கடைசித் தெருக் குழாய்ல குளோரின் அளவு பார்க்கணும். அளவு குறைஞ்சாலும் கூடினாலும் ஊராட்சியில எழுதிக் கொடுக்கணும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில அந்த நோட்டை எடுத்துக்கிட்டுப் போய் எழுந்து நின்னு பேசணும்.

மூணாவது, எந்தப் பிள்ளைக்கு நீச்சல் கத்துக்க வாய்ப்பு வந்தாலும், பொண்ணுங்கற காரணத்துக்காக, முடிங்கற காரணத்துக்காக நிறுத்தக்கூடாது.

அந்தச் சென்னைக்குப் போன பொண்ணோட அம்மா இங்கதான் மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க. அடுத்த லீவுக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க. தேங்காய் எண்ணெய் பாட்டிலும் தொப்பியும் என் செலவுன்னு நானும் வாக்குக் கொடுத்திருக்கேன். அவளோட நானும் தண்ணியில இறங்கறதா இருக்கேன். முப்பத்தஞ்சு வயசுல கத்துக்கக் கூடாதா என்ன? ஐம்பது வயசுல கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டவங்க எத்தனை பேர் இந்தக் கூடத்துல இருக்கீங்க!